வாய்வு, தைலம், தேய்மானம்: செட்டிநாட்டில் வலிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்

காரைக்குடியில் ஒரு தலைமுறைக்கு முன்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த பெரியவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டால், "வாய்வு பிடிச்சிருச்சு" என்பார். இன்று அதே கேள்விக்கு வரும் பதில் வேறு. "தேய்மானமாம்", "ஜவ்வு விலகிருச்சாம்", "மூட்டுல கேப் விழுந்திருச்சாம்" என்கிறார்கள். எல்-4, எல்-5 என்று முதுகெலும்பின் எண்களைப் பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஆச்சிமார்கூடச் சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் ஒரு முடிவு கட்டிய தொனி இருக்கிறது.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மருத்துவ வரலாறு கிடக்கிறது. அந்த வரலாற்றில் வலியைப் பற்றிய அறிவியல் தலைகீழாக மாறிவிட்டது. மாறிய செய்தி மட்டும், வலியோடு வருஷக்கணக்கில் வாழ்கிறவர்களிடம் வந்து சேரவே இல்லை.

ஒரு விஷயத்தில் பழைய பதிலே மேல். வாய்வு என்றால் வரும், போகும். இன்று இடுப்பில், நாளை தோளில், மறுநாள் எங்கும் இல்லை. தேய்ந்தது என்றால் தேய்ந்ததுதான். திரும்ப வளராது என்று மனசு சொல்லிவிடுகிறது. வாய்வை நம்பியவர் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, மறுபடி வேலைக்குப் போனார். தேய்மானத்தை நம்புகிறவர் குனியப் பயப்படுகிறார், மாடிப்படியைப் பார்த்துப் பயப்படுகிறார், கடைசியில் நடையையே குறைத்துவிடுகிறார்.

வாய்வு என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. சித்த மருத்துவம் உடம்பை வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் கணக்காகப் பார்த்தது. வாதம், பித்தம், கபம் என்பவையும் அவையே. நோய்கள் மொத்தம் 4448 என்றும், அவற்றில் வாத நோய்கள் 80 என்றும் அந்த மரபு வகுத்தது. குத்தல், குடைச்சல், பிடிப்பு, இழுப்பு, மரமரப்பு என்று வலிக்குத் தமிழில் இத்தனை ரகம் பிரித்துப் பேச முடிவதற்கு அந்த மரபின் கூர்மையும் ஒரு காரணம். வர்மம் பார்த்தவர்கள் உடம்பில் 108 இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள்.

வைத்தியரிடம் போகும் முன்பே வீட்டில் ஒரு வைத்தியம் நடந்துவிடும். நொச்சி இலை போட்டுக் கொதித்த வெந்நீர், வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம், முடக்கத்தான் தோசை, வாதநாராயணன் கீரை, பெண்பிள்ளைகளின் இடுப்புக்கு உளுந்தங்களி. சுளுக்கு என்றால் வழித்துவிடத் தெரிந்தவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவர் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலாக இருந்தது. அறிவியல் இதில் எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பது பிறகு. ஒன்று மட்டும் உறுதி: இவை எல்லாவற்றிலும் இன்னொரு மனிதரின் கை நோவுள்ள இடத்தைத் தொட்டது, சூடு பட்டது, "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று ஒரு வாய் சொன்னது.

பிறகு கடல் கடந்து தைலம் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்பட்ட வணிகக் கூடங்களில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்வுப் பெட்டி. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலாளியாகத் திரும்பும் வரை அந்தத் தரைதான் அவனுக்கு நாற்காலி. மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்புகிறவர்களின் சாமான்களில் பர்மாத் தேக்கும் பீங்கானும் பெரிய பொருள்கள். சின்னப் பொருள்களில் ஒன்று வலித் தைலம்.

ரங்கூன் அந்தக் கதையில் முக்கியமான ஊர். சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்த ஆவ் சூ கின் என்ற மூலிகை வைத்தியர் 1870-களில் ரங்கூனில் ஒரு மருந்துக்கடை தொடங்கினார். அவருடைய மகன்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் அங்கே உருவாக்கியதுதான் டைகர் பாம். 1920-களில் தொழில் சிங்கப்பூருக்கு மாறியது. அதே சிங்கப்பூரில் 1928-இல் லியூங் யுன் சீ என்பவர் கோடாலி முத்திரை போட்ட தைலத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதன் பெயர் கோடாலித் தைலம். சிங்கப்பூர், மலேயா போய்வந்தவர் பங்காளி வீடுகளுக்குக் கொடுக்கும் பொருள்களில் அது இல்லாமல் இருக்காது. உள்நாட்டிலும் ஒரு தைலம் வளர்ந்தது: காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், பின்னாளில் சென்னையை இருப்பிடமாக்கிக்கொண்டது.

புட்டியைத் திறந்து தடவினால் முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு, கொஞ்ச நேரத்துக்கு வலி பின்னால் போய்விடும். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரங்கூனில் தைலம் காய்ச்சியவருக்கும் தெரியாது, ரங்கூன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டருக்கும் தெரியாது.

அந்த டாக்டருக்குத் தெரிந்த விளக்கம் பிரான்சின் தத்துவஞானி டேகார்ட் விட்டுச் சென்றது. 1660-களில், அவர் இறந்த பிறகு அச்சான நூலில் ஒரு படம் இருக்கிறது: நெருப்பருகே கால் நீட்டிய ஒரு சிறுவன், காலிலிருந்து மூளைக்கு ஒரு நூல். நெருப்பு நூலை இழுக்கிறது, மூளையில் மணி அடிக்கிறது. காயம் எவ்வளவோ, வலி அவ்வளவு. காயம் ஆறினால் வலி நிற்கும். கால் சுட்டால் இது சரி. பத்து வருஷமாக வலிக்கும் முதுகுக்கு இது பொருந்தவே இல்லை. ஆனாலும் முந்நூறு வருஷம் மருத்துவம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பெரும்பாலான நோயாளிகளின் மனசில் இன்றும் அந்தப் படம்தான் இருக்கிறது.

நூல் அறுந்த இடங்கள் பல. 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் படுகாயப்பட்ட வீரர்களைக் கவனித்தார். வலி மருந்து வேண்டுமா என்று கேட்டதற்கு ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். அதே அளவு வெட்டு ஊரில் ஆபரேஷனில் பட்டவர்கள் மருந்து கேட்டுத் துடிப்பார்கள். வீரனுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் சீட்டு. 1946-இல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள செட்டிநாட்டுக்காரர்கள் இத்தாலி வரை போக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர்கள் இவை. மற்ற நாளில் மாடியேற முடியாத முழங்கால் அந்த நாட்களில் நடக்கிறது. கால் கொப்பளிக்கிறது, வலிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த வலி யாரையும் பயமுறுத்துவதில்லை. வழி நெடுகக் கூட்டம், பாட்டு, வெந்நீர், கால் பிடித்துவிடும் கைகள், போய்ச் சேர வேண்டிய ஒரு மலை. மூட்டு அதே மூட்டுதான். மூளைக்குக் கிடைக்கும் செய்தி வேறு.

தமிழ்நாடு வலி அறிவியலுக்குப் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் இழந்த கைகளைப் பார்த்தார். தசை அழுகி விரல் உதிர்கிறது என்றே உலகம் நம்பியிருந்த காலம். பிராண்ட் நோயாளிகளோடு இருந்து அவர்கள் கைகள் எப்படிக் காயப்படுகின்றன என்று கவனித்தார். கொதிக்கும் பாத்திரத்தைச் சூடு தெரியாமல் தூக்குகிறார்கள். காலில் தைத்த ஆணியோடு நடக்கிறார்கள். தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. நோய் நரம்பைக் கொன்றது. வலி இல்லாமை கையைத் தின்றது. வலி உடம்பின் காவல் என்பதை உலகத்துக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியவை தமிழ்நாட்டு ஏழைகளின் கைகள்.

பின்னாளில் அமெரிக்காவில் பிராண்ட் செயற்கை வலி ஒன்றை உருவாக்கப் பார்த்தார். உணர்கருவி பொருத்திய கையுறை, ஆபத்து வந்தால் எச்சரிக்கும். திட்டம் தோற்றது. எச்சரிக்கை வேலைக்கு இடைஞ்சலாக வந்ததும் போட்டிருந்தவர்கள் அதை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாமல் இருப்பதுதான் வலியின் பயன் என்று அவர் கண்டுகொண்டார். நாள்பட்ட வலியின் கொடுமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை டேகார்ட்டின் நூலைக் கழற்றி வைத்தது. தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது என்றார்கள். அடிபட்ட செய்தி அங்கே வந்துதான் மேலே போக வேண்டும். தொடுதல், தேய்த்தல் பற்றிய செய்திகளைக் கொண்டுவரும் தடித்த நரம்புகள் அந்த வாசலை ஒருக்களித்துச் சாத்தும். மூளையும் மேலிருந்து கீழே ஆணை அனுப்பி அதைத் திறக்கும், மூடும்; பயம் திறக்கும், நிம்மதி சாத்தும். விவரங்களில் பிற்பாடு பல திருத்தங்கள் வந்தன, அடிப்படை நின்றது. நீவிவிட்ட கையும் உப்பு ஒத்தடமும் "சரியாயிரும்" என்ற சொல்லும் ஏன் வேலை செய்தன என்பதற்கு அறிவியலில் முதல் பதில் இதுதான். கால் முதலில் பிறந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீவியதற்குச் சம்பந்தம் உண்டு.

தைலப் புட்டிக்கான பதில் வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அது வந்த வழி செட்டிநாட்டுச் சமையல்கட்டு வழி என்றே சொல்லலாம். மிளகாயின் காரப்பொருளான காப்சைசினை வைத்து அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-இல் நரம்பு முனையில் உள்ள ஒரு ஏற்பியைக் கண்டுபிடித்தது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஏற்பி அது. மிளகாயும் அதே ஏற்பியைத் திறக்கிறது. அதனால்தான் முண்டு மிளகாய் கிள்ளிய கை எரிகிறது. கையில் நெருப்பில்லை, கொப்பளம் இல்லை, தோலில் ஒரு சேதமும் இல்லை. எரிச்சல் மட்டும் முழு உண்மை. 2002-இல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாக, மென்தாலைக் கொண்டு குளிர்ச்சியை உணரும் ஏற்பியைக் கண்டார்கள். தைலம் ஜில்லென்று இருப்பது அதனால்தான். சூடும் தொடுதலும் உணரப்படும் விதத்தைக் கண்டதற்காக இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வலியும் சேதமும் ஒன்றல்ல என்பதற்கு மிளகாய் கிள்ளிய கையைவிட நல்ல சாட்சி இல்லை. செட்டிநாட்டில் அந்தச் சாட்சியம் தினமும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இன்னும் ஒரு படி போனார். வெட்டி எடுக்கப்பட்ட கை வலிக்கிறது என்று சொன்னவர்களை அவர் நம்பினார். ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை விரித்தபோது, இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிந்தது போல் சிலருக்குத் தோன்றியது, வலி தளர்ந்தது. கையே இல்லாதபோது கையில் தேய்மானம் எங்கிருந்து வரும்? வலியை உண்டாக்குவது மூளை. உடம்பு அதற்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது.

நாள்பட்ட வலியின் சூட்சுமத்துக்கு 1983-இல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் வழி திறந்தார். அடிபட்ட செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்பணுக்களே கூர்மையாகிவிடுகின்றன. வளவு வீட்டில் ஒரு முறை திருடன் புகுந்த பிறகு, அணில் ஓடினாலும் விசில் ஊதும் காவல்காரரைப் போல ஆகிவிடுகின்றன. காவல்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே சத்தம் கேட்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. அப்படி நீடிக்கும் வலியில் பெரும் பகுதியை, ஆறிப்போன திசுவைவிட, இப்படிக் கூர்மையான நரம்பு மண்டலமே விளக்குகிறது. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வகுத்த வரையறையை 2020-இல் திருத்தியபோது இதையெல்லாம் சேர்த்தது. நரம்பில் ஓடும் செய்தி வேறு, வலி வேறு என்றது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது.

ஆனால் காரைக்குடியில் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது ஸ்கேன் படம்தான். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் 80 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். நரைமுடி எப்படியோ அப்படி என்று ஒரு வார்த்தை மருத்துவர் சேர்த்துச் சொன்னால் அந்த அறிக்கையின் பாரம் பாதி இறங்கிவிடும். பெரும்பாலும் அந்த வார்த்தை சொல்லப்படுவதில்லை. கூட்டம் நிற்கிறது, நேரம் இல்லை. சொன்னாலும் இவர்களுக்குப் புரியாது என்ற எண்ணமும் இருக்கிறது.

அந்த எண்ணம் தவறு என்று பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் வலியின் நரம்பியல் பற்றி ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார். யாரும் சொல்லித்தராத நோயாளிகள் சராசரியாக 29 சதவீதம் எடுத்தார்கள். சொல்லித்தரப்பட்ட நோயாளிகள் 61. பயிற்சி பெறாத மருத்துவத் துறையினர் 55, பயிற்சி பெற்றவர்கள் 78. இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்: பாடம் கேட்ட நோயாளி, பாடம் கேட்காத மருத்துவத் துறையினரை முந்திவிட்டார். நோயாளிகள் எவ்வளவு எடுப்பார்கள் என்று துறையினர் போட்ட கணக்கும் உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. அதே வருஷம் டேவிட் பட்லரும் மோஸ்லியும் நோயாளிகளுக்கென்றே வலியை விளக்கிப் படங்களோடு ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள்.

இந்த அறிவுக்கு எல்லையும் உண்டு. விளக்கம் கேட்ட உடனே வலி பறந்துவிடாது. பயம் குறைகிறது, அசையும் துணிச்சல் வருகிறது. நடையும் பயிற்சியும் சேரும்போதுதான் பலன் நிற்கிறது. இத்தனை வருஷ ஆய்வுகள் சொல்வது இவ்வளவே, இதுவே பெரிது. மூளை உண்டாக்குகிறது என்பதை "எல்லாம் மனசுலதான்" என்று திருப்பிச் சொல்வது அநியாயம். வீட்டு வேலை முழுவதையும் சுமந்துகொண்டு வலியையும் சுமக்கும் பெண்களிடம் அந்த வாக்கியம் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. அவர்களுடைய வலி கற்பனை இல்லை. மிளகாய் எரிச்சல் எப்படிக் கற்பனை இல்லையோ அப்படி. எல்லா வலியும் நரம்பின் கூர்மையால் வருவதும் இல்லை. கால் பலமிழந்தால், அடிவயிற்றுக்குக் கீழே மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிச்சமிருப்பது மொழி வேலை. குந்தி உட்கார்ந்து அச்சில் வண்ணக் கலவை ஊற்றும் ஆத்தங்குடிக் கல் தொழிலாளிக்கும், கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும், வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்கும் இந்த அறுபது வருஷ அறிவியலை அவர்கள் பேசும் தமிழில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லக்கூடாத ஊர் காரைக்குடி. சா. கணேசன் 1939-இல் இங்கே கம்பன் கழகம் தொடங்கினார். அன்றிலிருந்து வருஷந்தோறும் பங்குனியில் கடைக்காரரும் ஆசிரியரும் ஆச்சிமாரும் உட்கார்ந்து, கடினமான செய்யுளைப் பதம் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள். கம்பனைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்த சபைக்குத் தண்டுவட வாசல் புரியாதா?

வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் பையில் இருக்கும் பயிற்சித் தாளோடு, வலி ஏன் நீடிக்கிறது என்பதைப் பத்து நிமிஷம் தமிழில் சொல்லும் பாடமும் இருக்க வேண்டும். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பாடத்தை இந்த மாவட்டத்துப் பேச்சில் எழுதும் வேலையை அது எடுத்துக்கொள்ளலாம்.

வலியோடு இதைப் படிக்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "என் வயசுல வலியில்லாதவங்களுக்கும் படம் இப்படித்தான் இருக்குமா? நான் எவ்வளவு நடக்கலாம், நடையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.